செக்போஸ்ட் நீலம்

அசையாமல் சாய்ந்தே நின்றால் சட்டையில் நீலம் ஒட்டாது என்றுதான் நம்பினேன். மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பொள்ளாச்சி போகிற வழி. கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ் நின்றதும் இறங்கி, புது வெள்ளைச் சட்டையோடு நீலச் சுவரில் சாய்ந்திருந்தேன். பக்கத்தில் அதற்கு வர்ணமடித்த இருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க மாமா, தொட்டா காஞ்சுதானுங்க இருக்குது?”

“காஞ்சு என்ன மாப்ளே? பொடியப் புடிச்சு வெக்கறது வஜ்ரப் பசைதான். அது பத்தல. தண்ணி போனதும் வெறும் பொடிதான் நிக்குது.”

“பசையக் கொஞ்சம் சேத்தி ஊத்தியிருக்கலாமுங்களே?”

“போன செவுத்துக்கு ஊத்துனேன். காயறப்பவே இழுத்து வெடிச்சு, அப்பளமா உரிஞ்சுது.”

“அப்ப சாஞ்சிருக்கறவரு முதுகு?”

“நாம டீயக் குடிச்சுட்டுப் போறவரைக்கும் அவரு அசையாம இருந்தாச் செரி.”

நான் அசையவில்லை. பஸ் அசைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நீல முதுகோடு அடுத்த பஸ்ஸில் போனேன்.