ஊருக்குக் கிளம்பிய மாமனார்

காலை மின்சார ரயில் திருநின்றவூரில் நின்றிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் என் எதிரில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க மாமனார் இன்னிக்கும் ஊருக்குக் கிளம்பிட்டாருக்கா.”

“போன மாசந்தான போனாரு?”

“இன்னா பண்றது? வயசானவங்க இருந்தா ஊடு குடுக்க மாட்டேன்னுச்சு ஓனரம்மா. வாடகை ஊட்ல சாவு வுழக் கூடாதாம். விருந்தாளின்னு சொல்லித்தான் வெச்சுகினு கீறோம்.”

“முப்பது வருஷம் எஸ்டேட்ல லேத் ஓட்டின மனுஷன். ஊர்ல யாரு கீறாங்க அவருக்கு?”

“யாருமில்லக்கா. ஓனரம்மா பாக்கறாப்ல பையத் தூக்கினு கிளம்புவாரு. இந்த ஸ்டேஷன்லயே உக்காந்துகினு இருப்பாரு. இருட்டினப்புறம் நைசா கூட்டினு போயிடுவேன்.”

ரயில் நகர்ந்தது. நடைமேடை பெஞ்சில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த பெரியவர், வழியனுப்ப வந்தவரைப் போல அவளுக்குக் கையசைத்தார்.