கஸ்பார் காதில் பூசிய ஊதா

வெகு காலத்துக்கு முந்தி, கடலோரத்தில் முள்ளிக்குடா என்றொரு ஊர். சங்கு குளிக்கிற ஊர். குறுக்கே பேசாமல் கேளுங்க.

அங்கே சந்தியாகு என்று ஒரு குளியாளி இருந்தானாம். அவன் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடிக்கிறவன் கஸ்பார், அவன் பெண்டாட்டிக்கு அண்ணன். மச்சினன்தான் கயிறு பிடிக்கணும். அது அந்த ஊர் வழக்கம். தங்கச்சி புருஷனாச்சே, கையை விடமாட்டான்.

சந்தியாகுவுக்கு வலது காதில் சீழ். எட்டு மாசமா. எண்ணெய் காய்ச்சி விட்டான், பூண்டுச் சாறு விட்டான். நின்றது, வடிந்தது, நின்றது, வடிந்தது. அதோடே கடலில் இறங்கினான்.

அறுபது எண்ணுவதற்குள் கயிற்றை இழுத்து, "தூக்கு" என்று சொல்கிறவன், ஒருநாள் இழுக்கவே இல்லையாம். கஸ்பார் எண்ணினான். எழுபது. எண்பது. தொண்ணூறு. இழுத்தான், இழுத்தான், அப்படி இழுத்தான். மேலே வந்து விழுந்தவன் வாந்தியெடுத்தான்.

"மேல எது, கீழ எதுன்னு தெரியல மச்சான். தரையைப் பாத்து நீந்திட்டேன்."

அன்றைக்கே கஸ்பார் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். கம்பவுண்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"காதுத் திரை கிழியல, தப்பிச்சே. பூசணம். தலை சுத்தினது இதாலதான். எண்ணெய் விட்டு நீயே வளத்திருக்கே." காதைத் துடைத்து உலர்த்தினார். பஞ்சில் ஊதா மருந்தைத் தொட்டார். "தினம் இது. இருபது நாள் தண்ணி படக்கூடாது."

சந்தியாகு துள்ளி எழுந்தானாம். "ஊதாவா! ஆண்டவர் செத்த துக்கத்துக்குத் தவசு காலத்துல கோயில் சுரூபத்தை மூடுற துணி நிறம். சாவு நிறத்தைப் பூசிக்கிட்டா நான் கடலுக்குப் போவேன்?"

போயே விட்டான். மருந்துப் புட்டி கஸ்பார் மடியில்.

மறுநாள் காலை, கரை நிறைய ஆள். சந்தியாகு வந்தான். "கயிறைப் பிடி மச்சான்."

கஸ்பார் புட்டியைத் திறந்தான். தன் நல்ல காதில் பூசினான். கழுத்து வரை வழிந்தது.

"என்ன கஸ்பாரு, உனக்கே நீ துக்கமா?" கரை சிரித்தது.

"சாவு நிறம்தானே? முதல்ல எனக்கு வரட்டும். வரலேன்னா நாளைக்கு உன் காதுக்கு. அதுவரைக்கும் கயிறைத் தொடமாட்டேன்."

சொல்லிவிட்டான். ஆனா, அவனும் அதே ஊர்க்காரன்தானே, அதே பயம்தானே! சோறு இறங்கல. தங்கச்சி ரெபேக்காள் வந்து, "அழிச்சிடு அண்ணே" என்று அழுதாளாம். அழிக்கல. தலை சுற்றினால் இதுதானோ, நெஞ்சு அடித்தால் இதுதானோ என்று பொழுதை எண்ணினான், கயிற்றோடு உட்கார்ந்து எண்ணுகிற மாதிரி.

விடிந்தது. வாசலில் சந்தியாகு.

"செத்துட்டியா மச்சான்?"

"இன்னும் இல்ல மாப்ள. காதைக் காட்டு."

காட்டினான். இருபது நாள் கரையில் கிடந்தான். காது காய்ந்தது. இருபத்தோராம் நாள் இறங்கினான். ஐம்பத்தெட்டு எண்ணும்போது கயிறு வெடுக்கென்று இழுத்ததாம். கஸ்பார் அப்போதுதான் அழுதானாம்.

முள்ளிக்குடாவில் இன்றைக்கும் சங்கு குளிப்பு தொடங்குகிற காலையில், மச்சினன் தன் காதில் ஊதா பூசிக்கொண்டுதான் படகேறுவான். குளியாளியைப் பார்த்து "காதைக் காட்டு" என்பான். சீழ் இருந்தால் கயிறு சுருண்டபடியே கிடக்கும். எதிர்ப்பேச்சு கிடையாது.

அவ்வளவுதான். எழுந்து போங்க. எவனாவது காதில் எண்ணெய் விட்டதாகக் கேட்டேன், தெரியும் சேதி.