அப்பாவுக்குக் கல்லாம்

மகள்: நீங்க ஏன்ப்பா தண்ணி குடிக்கிறீங்க? ஸ்கேன் எனக்குத்தானே?

அப்பா: மெதுவா பேசு... கல்லு இருக்கிறவன் பாட்டிலைத் தொடாம உக்காந்திருந்தா யாராச்சும் நம்புவாங்களா?

மகள்: உங்களுக்கு எங்கப்பா கல்லு?

அப்பா: உங்கம்மா குடும்ப குரூப்புல போட்டுட்டா. அவருக்கு கிட்னியில கல்லு, ஸ்கேனுக்குப் போறாரு, துணைக்குப் பொண்ணு போறான்னு. போட்டாச்சுன்னா அப்புறம் கல்லு இருந்துதானே ஆகணும்?

மகள்: அதான் காலையிலேர்ந்து இடுப்பைப் பிடிச்சிட்டு நடக்கறீங்களா?

அப்பா: ஒரு பழக்கத்துக்கு.

மகள்: வீட்டுல இடது பக்கம் பிடிச்சீங்க. இப்ப வலது பக்கம்.

அப்பா: கல்லுன்னா நகரும்மா.

மகள்: சிரிக்க வைக்காதீங்கப்பா... ஐயோ. சிரிச்சா அவ்வளவுதான். ஸ்கேனுக்காகக் குடிச்ச ஒரு குடம் தண்ணி உள்ள நிக்குது.

அப்பா: சரி சரி. ஏதாவது சாவு வீட்டை நினைச்சுக்கோ.

மகள்: எதுக்குப்பா இவ்வளவு பொய்? பீரியட்ஸ் ஒழுங்கா வரலைன்னு ஸ்கேன் எடுக்க வந்திருக்கேன். திருடிட்டா வந்திருக்கேன்?

அப்பா: வரன் பேசிட்டிருக்கற நேரம்மா. ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, உனக்குக் குழந்தையே பொறக்காதுன்னு நம்ம ஆளுங்களே தீர்ப்பு எழுதிடுவாங்க. அதுலயும் உங்க அத்தை காதுல விழுந்துச்சு... டமாரம்தான்.

மகள்: டாக்டரம்மா சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க?

அப்பா: கேட்டேன். அவங்க படம் வரைய ஆரம்பிச்சதும் நான் சுவத்தைப் பார்க்க ஆரம்பிச்சிட்டேன்.

மகள்: இப்ப சுவத்தை விட்டுட்டு என்னைப் பாருங்க. சினைப்பையில மாசாமாசம் ஒரு சின்ன நீர்ப்பை வளரும். அதுக்குள்ளதான் முட்டை. பை உடைஞ்சு முட்டை வெளிய வரணும். சில மாசம் உடையாம அப்படியே நின்னுடும். அதைத்தான் கட்டின்னு...

அப்பா: கட்டின்னு சொல்லாதேம்மா.

மகள்: வெறும் நீர்க்கட்டிப்பா. நிறைய பேருக்கு வரும், பாதி பேருக்கு வந்ததே தெரியாதாம். பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா கரைஞ்சிடும்னு சொன்னாங்க.

அப்பா: தானா கரைஞ்சிடுமா? அப்ப கிளம்பு, வீட்டுக்குப் போயிடலாம்.

மகள்: உக்காருங்க. எனக்கு அஞ்சு மாசமா வரலை. அதுக்கு முன்னாடி வந்தப்ப ரெண்டு வாரம் நிக்கவே இல்லை. இது அந்தக் கரையற ரகமா, இல்ல ஹார்மோன் கோளாறுல சின்னச் சின்னதா நிறைய நிக்கற ரகமான்னு ஸ்கேனும் ரத்தமும் பார்த்தாத்தான் தெரியுமாம்.

அப்பா: அந்த ரெண்டாவது ரகமா இருந்தா?

மகள்: அதுக்கும் மாத்திரை இருக்கு. நடக்கணும், ஒழுங்கா தூங்கணும், அடிக்கடி காட்டணும். குழந்தை பொறக்காதுன்னெல்லாம் யாரும் சொல்லலை. நம்ம வீட்டுலதான் சொல்றீங்க.

அப்பா: நான் சொல்லலைம்மா. பயப்படறேன், அவ்வளவுதான்.

மகள்: எனக்கும் பயமாத்தான்ப்பா இருக்கு. போனைத் திறந்தா ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. படுத்தா தூக்கம் வரலை. எதுவா இருந்தாலும் இன்னைக்குத் தெரிஞ்சே ஆகணும்.

அப்பா: தெரிஞ்சிடும். நான் இருக்கேன்ல... ஐயையோ.

மகள்: என்னாச்சு?

அப்பா: தலையைக் குனி. உங்கத்தை.

மகள்: எங்க?

அப்பா: மாடிப்படிக்கிட்ட... பார்த்துட்டா. வர்றா. கல்லை மறந்துடாதே.

அத்தை: தம்பி... நீயா? நீ இந்த ஆஸ்பத்திரிக்கா வந்தே?

அப்பா: வாக்கா. கல்லு...

அத்தை: குரூப்புல பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்னு நினைச்சேன்.

அப்பா: அங்க கூட்டம். நீ எங்கக்கா இங்க?

அத்தை: உன்னைப் பார்க்கத்தான்.

மகள்: பெரிய ஆஸ்பத்திரின்னு நினைச்சேன்னு இப்பத்தானே சொன்னீங்க?

அத்தை: நினைச்சேன். அப்புறம் நினைப்பை மாத்திக்கிட்டேன். பெரியவங்களைக் குறுக்கு விசாரணை பண்ணாதடி. எங்கடா வலிக்குது?

அப்பா: இங்கதான்க்கா.

அத்தை: கல்லு முதுகுலதானே வலிக்கும்? நீ ஏன் தொடையைப் பிடிச்சிருக்கே?

அப்பா: இறங்கிடுச்சு.

அத்தை: இறங்கிடுச்சா? அப்ப நல்லதாப் போச்சு. எந்திரி. ஒத்தைக் கால்ல நின்னு குதி. எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் விழுந்துச்சு.

அப்பா: இங்கயாக்கா? எல்லாரும் பாக்கறாங்க.

அத்தை: கல்லு உனக்கா, பாக்கறவங்களுக்கா? குதி.

மகள்: அத்தை, வேண்டாம்...

அத்தை: நீ சும்மா இரு. ம், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் உசரமா.

மகள்: அப்பா நிறுத்துங்க... எனக்கு... முடியலை...

அத்தை: பெத்தவன் வேதனையில குதிக்கறான், உனக்குச் சிரிப்பு வருது. ஆமா, நீ ஏன் காலை முறுக்கிட்டு நிக்கறே?

மகள்: குளிருது அத்தை.

அத்தை: பாத்ரூம் போகணும்னா போயேன். அதோ இருக்கு பாரு.

மகள்: போகக்கூடாது.

அத்தை: ஏன்?

அப்பா: நான் அடக்கிட்டு இருக்கறப்ப அவ மட்டும் போனா மரியாதை இல்லைன்னு நினைக்கறாக்கா.

அத்தை: என்ன மரியாதைடா அது?

நர்ஸ்: இருபத்தி ரெண்டு. கர்ப்பப்பை, சினைப்பை ஸ்கேன். யாருங்க?

மகள்: அப்பா...

அப்பா: உஷ்.

நர்ஸ்: இருபத்தி ரெண்டு யாருங்க? தண்ணி குடிச்சாச்சா?

அப்பா: ...நான்தாங்க.

நர்ஸ்: சார், இது கர்ப்பப்பை ஸ்கேன்.

அப்பா: தெரியும்மா. வந்ததுதான் வந்தோம், அதையும் ஒரு பார்வை பார்த்துடலாம்னு.

நர்ஸ்: உங்களுக்கா?

அப்பா: மொத்தமா செக்கப் பண்ணிக்கறேன். ஒண்ணையும் விடறதில்லை.

அத்தை: தம்பி, கல்லு மூளைக்கு ஏறிடுச்சாடா?

நர்ஸ்: விளையாடாதீங்க சார். பேஷன்ட் வரலைன்னா அடுத்த நம்பரைக் கூப்பிட்டுடுவேன். இன்னைக்கு விட்டா அடுத்த வாரம்தான்.

மகள்: வழி விடுங்கப்பா. சிஸ்டர், நான்தான் இருபத்தி ரெண்டு.

அப்பா: வேண்டாம்மா, அத்தை...

மகள்: அத்தையும் கேக்கட்டும். அத்தை, ஸ்கேன் எனக்குத்தான். அஞ்சு மாசமா பீரியட்ஸ் வரலை. நீர்க்கட்டி இருக்கான்னு பார்க்கப் போறாங்க. அப்பாவுக்குக் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. குரூப்புல போடணும்னா போட்டுக்கோங்க. இன்னும் ஒரு வாரம் என்னால பயந்துக்கிட்டே இருக்க முடியாது.

நர்ஸ்: வாம்மா, உள்ள வா. சார், நீங்க போய் பாத்ரூம் போயிட்டு வாங்க, பாவம்.

அப்பா: ...அக்கா.

அத்தை: ம்.

அப்பா: தப்பா நினைக்காதே. உன்கிட்ட மறைக்கணும்னு இல்லை...

அத்தை: என்கிட்ட மறைக்கத்தானே குதிச்சே?

அப்பா: ஆமாக்கா. நீ வெளிய சொல்லிட்டா அவ வாழ்க்கை என்னாகும்னு... போன வருஷம் உன் நாத்தனார் பையனுக்குப் பார்த்த பொண்ணுக்கு இதே கட்டின்னு தெரிஞ்சதும், வேண்டாம்னு நீதானே கலைச்சே?

அத்தை: கலைச்சேன். அப்ப எனக்கு வாய் பெரிசா இருந்துச்சு.

அப்பா: இப்ப?

அத்தை: இப்ப ஏண்டா கேக்கறே... உன் பொண்ணு மாதிரி நாலு பேர் நடுவுல நிமிர்ந்து சொல்ல எங்களுக்கு வரலை.

அப்பா: எங்களுக்குன்னா யாருக்கு? அக்கா, நீ ஏன் கண்ணைத் துடைக்கறே? சொல்லுக்கா, உடம்பு ஏதாவது...

அத்தை: எனக்கு மூட்டு வலின்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். மாடிப்படிக்குக் கீழ போய்ப் பாரு, என் பொண்ணு தண்ணி பாட்டிலோட உக்காந்திருக்கா. உன்னைப் பார்த்ததும் நான்தான் அவளை ஒளியச் சொன்னேன். இப்ப நான் கூப்பிட்டா வரமாட்டா, மாமா பார்த்துடுவாருன்னு பயப்படுவா. நீயே போய்க் கூட்டிட்டு வாடா தம்பி... அடுத்த நம்பர் அவதான்.