இனிகோவின் மீட்டர்

பேட்டரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பே வேகாது. பேட்டரி எப்படி உயிரோடிருக்கும்? பதினோரு வருஷமாக வாலையில் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் நான் ஊற்றியதில்லை, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக.

பெயர் தேவபிரசாதம். ஊர் நாசரேத்து. எங்கள் ஊரில் பிறக்கிறவன் வாத்தியாராவான், இல்லாவிட்டால் வாத்தியாருக்குத் தம்பியாவான். நான் இரண்டாவது வகை. மிஷன் தொழிற்கூடத்தில் மின்சார வேலை கற்று, விசைப்படகுகள் ஒதுங்குகிற கரைக்குப் பக்கத்தில் சார்ஜிங் கடை போட்டேன். கடற்கரைக்காரர்கள் ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள். சனிக்கிழமை கரையேறினதும் பேட்டரிகளைச் சுமந்துவந்து என் கடையில் இறக்கிவிட்டு, மறுநாள் பூசைக்குப் போய் முன்வரிசையில் தூங்குவார்கள். திங்கள் விடியலில் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய ஓய்வுநாள்தான் என் பிழைப்பு. நானும் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவனில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டுக் கடையைப் பூட்டிவிடுவேன். சார்ஜர் ஞானஸ்நானம் பெற்றதில்லை, அது உழைக்கலாம்.

கரையில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தது. "நாசரேத்து அண்ணாச்சி ஏறியிருக்குன்னு சொன்னா ஏறியிருக்கு" என்பார்கள். இனிகோ அந்த மீட்டரை வாங்கும்வரை அப்படித்தான் இருந்தது.

இனிகோ ஒரு வலைப்படகை ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன், வாய் மட்டும் நீளம். துறைமுகத்தில் எந்தக் கப்பல்காரனிடமோ ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கிவிட்டான். கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. பேட்டரித் திராவகத்தை உறிஞ்சினால், சார்ஜ் இருந்தால் மிதவையில் பச்சைக் கோடு எழும்பும், இல்லாவிட்டால் சிவப்பில் நிற்கும். என்னிடமும் ஒன்று உண்டு. ஆனால் அவன் தன்னுடையதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வந்து, நான் கொடுக்கிற பேட்டரியை நாலுபேர் முன்னால் திறந்து பார்ப்பான். முதல் தடவை நான் முறைத்தபோது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"கோவிக்காதிய அண்ணாச்சி. மனுசன் பொய் சொல்லுவான். மீட்டரு சொல்லுமா?"

நாலுபேரும் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் மற்ற படகுக்காரர்களும் அவனிடம் மீட்டரை இரவல் வாங்க ஆரம்பித்தார்கள். ஒருமுறைகூட என் பேட்டரி சிவப்பில் நிற்கவில்லை, ஐயா. பச்சையைப் பார்த்த பிறகும் மறுபடி குழாயை விட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அது மிகவும் வலித்தது. பொய் சொன்னவனைச் சோதிக்கலாம், நியாயம். சொல்லாதவனையும் சோதித்தால் அவன் எதற்காக உண்மையாக இருக்க வேண்டும்?

இந்த ஆனி மாதம் இனிகோவின் படகில் டைனமோ கெட்டுப்போனது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான். வெள்ளிக்கிழமை கழற்றிவந்து என்னிடம் கொடுத்தான். மறுநாள் சாயங்காலம் பேட்டரியையும் இறக்கினான். புதன்கிழமைதான் டைனமோ கிடைக்கும், அதுவரை நல்ல பேட்டரி இருந்தால் போதும் என்றேன். தலையாட்டினான்.

ஞாயிறு காலை கரண்ட் போய்விட்டது. இந்த வருஷத்து மின்வெட்டு உங்களுக்குத் தெரியும், ஸ்டேஷனிலும் மெழுகுவர்த்திதானே. போன கரண்ட் மறுநாள்வரை வரவில்லை. சார்ஜ் பாதிகூட ஏறவில்லை. மற்ற படகுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் திங்கட்கிழமை கடலுக்குப் போகவில்லை. இனிகோவிடம் மட்டும் சொல்லவில்லை. மனுசன் சொன்னால் அவன் நம்பமாட்டானே.

மீட்டர் சார்ஜை அளப்பதில்லை, ஐயா. திராவகத்தின் கனத்தை அளக்கிறது. செத்த பேட்டரியில் கொஞ்சம் ஆசிட்டை ஊற்றினாலும் மிதவை எழும்பும். ஞாயிறு பூசைமணி அடிக்கும்போது கடையைத் திறந்து, ஆறு அறையிலும் அளவாக ஊற்றினேன். ஓய்வுநாளை மீறினேன். அது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

திங்கள் விடியலில் இனிகோ குழாயை விட்டுப் பார்த்தான். பச்சை. "ஏலே வளன், தூக்குலே" என்று மச்சினனைக் கூப்பிட்டான். அந்தப் பேட்டரிக்கு எஞ்சினை ஒரு தடவை கிளப்பத் தெம்பிருந்தது. ஆழத்துக்குப் போய் வலையை விரித்ததும் டீசலை மிச்சம்பிடிக்க எஞ்சினை நிறுத்துவார்கள், எல்லோரும் செய்வதுதான். மறுபடி கிளப்பினால் கிளம்பாது. அந்த எஞ்சினைக் கையால் சுற்றவும் முடியாது. கச்சான் காற்று வீசுகிற மாதம். கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும்.

படகில் ஐந்துபேர் போனார்கள். படகு குறுக்கே திரும்பி அலையில் கவிழ்ந்ததாம். கொழும்புக்குப் போன தோணிக்காரர்கள் இரண்டுபேரை எடுத்தார்கள். அதில் இனிகோ இல்லை. வளன் இருந்தான். கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் அவன் எனக்காகப் பேசினான்.

"அண்ணாச்சிய யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. மச்சான் மீட்டர விட்டுப் பாத்தாவ. பச்சைதான் காட்டிச்சு. நானும் பாத்தேன்."

அன்றைக்குத்தான் அந்த மீட்டர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஒரு பாடம் கற்பிக்க நினைத்தேன், அவ்வளவுதான். ஒருநாள் கடலில் கிடந்து, யாராவது இழுத்துவந்து விட்டால், நாலுபேர் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மற்ற படகுகள் அன்றைக்குக் கடலில் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கரண்ட் போகாமலிருந்தால் எனக்கு அந்த எண்ணமே தோன்றியிருக்காது. மின்சாரவாரியத்தையும் விசாரியுங்கள்.

நேற்று இனிகோவின் மனைவி பிளாரன்ஸ் டைனமோவைக் கேட்டு வந்தாள். "படகுதான் போச்சி அண்ணாச்சி, அதையாச்சும் குடுங்க, வித்துப் பிள்ளைக்குப் பால் வாங்குதேன்" என்றாள். இன்னும் வேலை முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவள் உங்களிடம் வந்திருக்கிறாள். நீங்கள் இன்று காலை கடைக்கு வந்து மேஜைக்கு அடியில் டைனமோவை மூடிக் கிடந்த சாக்கைத் தூக்கினீர்கள்.

வேலை முடிந்த சாமானில் நாளும் நேரமும் எழுதிச் சீட்டுக் கட்டுவது தொழிற்கூடத்தில் பழகியது, விடமுடியவில்லை. டைனமோவின் கம்பிச்சுருளை நன்றாகத்தான் சுற்றியிருக்கிறேன், பல்பு எரியவிட்டுப் பார்த்தேன். சீட்டில் இருப்பது என் கையெழுத்துதான். இனிகோ பேட்டரியை இறக்கின அதே சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. அப்போது கரண்ட் இருந்தது.