ஒரே கிருமி வளர்ந்த தட்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே! தங்கையைப் பறிகொடுத்து நிற்கும் அண்ணன் அவர்களே! கண்கலங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நம் கருத்தரிப்பு மையத்துத் தோழர்களே! ஆய்வகத்தில், இன்று நாம் அஞ்சலி செலுத்தும் அம்மையாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் ஓயாமல் திட்டு வாங்கியவள் பேசுகிறேன்.

நுண்ணுயிரியல் வல்லுநர் அம்மையாரை யாராவது பதவி சொல்லி அழைத்தோமா? கிருமி அக்கா! அவ்வளவுதான். கர்ப்பப்பைக்குள் கிருமியே கிடையாது என்று படித்தவர்கள் நாம். அவரோ, "அது ஒண்ணும் காலி வீடு இல்லடி. நல்லதும் குடியிருக்கும், கெட்டதும் குடியிருக்கும். கெட்டது கை ஓங்கினா கரு ஒட்டறதே கஷ்டமாகலாம்" என்பார். "எதுக்கெடுத்தாலும் கிருமி மேலயே பழியா?" என்று கிண்டலடித்தோம்.

சென்ற மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. கரு ஒட்டாமலே போன பெண்களின் கர்ப்பப்பை மாதிரிகளை, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் இட்டு வளர்த்தார். வேறு வேறு வீடு, வேறு வேறு உடம்பு. வளர்ந்ததோ ஒரே கிருமி! அதுவும் ஈரத்தில் வளர்கிற கிருமி. எங்கிருந்து வந்தது?

தேடினார். ஸ்கேன் அறை ஜெல் பாட்டில்! உடம்புக்குள் செலுத்தும் ஸ்கேன் கருவியில் தடவுவோமே, அந்த ஜெல். அது காலியானதை நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா? பாதி குறைந்ததும் பெரிய கேனிலிருந்து மேலே மேலே ஊற்றி நிரப்புவோம். கழுவியதே இல்லை! அதன் வாயைத் துடைத்து வளர்த்த தட்டிலும் அதே கிருமி.

"நம்ம கையாலயே ஊட்டி வளர்த்திருக்கோம்டி" என்றார். கருக்கள் போனதற்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். "இன்னும் உறுதியில்ல. உறுதியாகுற வரைக்கும் யார் வயித்துல வச்சுப் பாக்கறது?" அன்று மாலையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஐயோ, எங்கள் அக்கா!

அவர் கடைசியாக வைத்த தட்டை இன்று காலை திறந்தேன். கேனிலிருந்து எடுத்த மாதிரி அது. அதிலும் அதே கிருமி பூத்திருக்கிறது. அந்தக் கேனிலிருந்துதான் எல்லா அறைக்கும் ஜெல் போகிறது. தலைமை மருத்துவர் அவர்களே, உடனே ஓடிவந்து சொன்னேன். "கூட்டம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றீர்கள். நாளைக் காலை ஸ்கேன் அறை வழக்கம்போலத் திறக்குமாம்!

இந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருக்கிறார். யாரென்று சொல்லமாட்டேன். அவருக்கு மிச்சம் ஒரே ஒரு கரு. அந்த அறையில் ஸ்கேன் பார்த்தபடி அதைக் கர்ப்பப்பையில் வைக்க நாளைக்குத்தான் நாள் குறித்திருக்கிறோம்.

அக்காவுக்கு மலர் வைக்க நான் வரவில்லை. அவர் பாதியில் விட்ட வேலையை ஏற்க வந்தேன். கேனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். தாயே, உங்கள் கரு உறைபெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நாளை அந்த அறை வாசலில் நான் நிற்பேன். உங்களை உள்ளே விடமாட்டேன்.