செடிக்கடியில் தேடியது

— நீ செடிக்கடியில குனிஞ்சு குனிஞ்சு என்னத்தத் தேடறேன்னு எனக்குத் தெரியும், சுசீலா.

— நான் ஒண்ணுந் தேடலீங்க. களை எடுக்கறேன்.

— தேயில வெல விழுந்து ஃபேக்டரியவே பூட்டிட்டாங்க. இலைய வாங்க நாதியில்ல, பறிக்காத செடி மரமாட்டம் நிக்குது. இப்பப் போயி களை எடுக்கறயா? அஞ்சு மாசமாப் பாத்துட்டுத்தான் இருக்கறேன்.

— பனி எறங்குது. உள்ள வாங்க.

— இரு புள்ள. நேத்து குன்னூர்ல குடிய விட்டவங்க கூட்டத்துல என்ற முறை வந்துச்சு. பேரு தரணிதரன், பெத்த மக கையைக் குடிவெறியில ஒடிச்சவன், விட்டு அஞ்சு மாசம் ஆச்சுன்னேன். எல்லாருங் கை தட்டுனாங்க. எனக்குக் கூசிப்போச்சு.

— ஏனுங்க கூசோணும்? நீங்கதான் குடிக்கறதில்லையே.

— குடிக்கல. ஆனா பாதி பாட்டல் பிராந்திய ஒளிச்சு வச்சிருந்தேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால, கல்லுச் சந்துல.

— தொட்டிக்குப் பின்னாலயா?

— தெனமும் போயிப் பாப்பேன். தொட மாட்டேன். அதுல ஒரு பெருமை வேற. நேத்துத்தான் உறைச்சுது. எப்ப வேணாக் குடிச்சுக்கலாங்கற தைரியத்துலதான் நான் குடிக்காம இருந்திருக்கறேன். அது விட்டதாகுமா?

— மொதல்ல அது சில்வர் ஓக் மரத்தடியிலதான இருந்துச்சு?

— உனக்கெப்படித் தெரியும்?

— சொல்லுங்க.

— அங்கதான் இருந்துச்சு. கூட்டத்துக்குப் போக ஆரம்பிச்ச அன்னிக்கே எடம் மாத்திட்டேன். நீ கண்டுபுடிச்சுருவியோன்னு பயம்.

— மூடியத் தெறந்தீங்களா? மோந்தாச்சும் பாத்தீங்களா?

— இல்ல. மோந்திருந்தா அன்னிக்கே குடிச்சிருப்பேன்.

— இப்ப எங்கீங்க அது?

— அதச் சொல்லத்தான் வந்தேன். இன்னிக்கு எடுத்துட்டேன்.

— கொட்டிட்டீங்களா?

— கொட்டத்தான் எடுத்தேன். கை வரல. உன்கிட்ட இதையும் மறைக்கக் கூடாது. ரோட்டு வளைவுல காளிமுத்தண்ணன் உக்காந்திருந்தாரு. ஃபேக்டரிய நம்பிக் கெடந்த மனுசன், மொகத்தப் பாக்க முடியல. அவரு கையில குடுத்துட்டு வந்துட்டேன்.

— ஐயோ.

— தப்புத்தான். நான் தப்பிச்சுக்கிட்டு அவரு தலையில கட்டிட்டேன். நாளைக்கே அவரையுங் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.

— எப்பக் குடுத்தீங்க?

— இப்பப் பால் வண்டி போச்சே, அப்ப.

— அங்கயே குடிச்சாரா?

— இல்ல. ஊட்டுல சாந்தாமணி கோழிக்கொழம்பு வைக்கறா, போயி சோத்துக்கு முன்னால குடிச்சுக்கறேன்னாரு. ஃபேக்டரி பூட்டுனதுக்கப்புறம் மொத தடவையா அந்த மனுசன் சிரிச்சாரு.

— நில்லாதீங்க. குறுக்குப் பாதையில ஓடுங்க.

— பாதி பாட்டல் பிராந்திக்கு எதுக்கு இந்தப் பதட்டம்?

— நம்ம புள்ள ராஜப்ரியா கையில கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்தனே, அன்னிக்கே அந்தப் பிராந்தியக் கொட்டிட்டு, களைக்கு அடிக்கற மருந்த ஊத்தி வச்சேன். உங்களுக்குன்னு. நீங்க கூட்டத்துக்குப் போனதும் மனசு கேக்காம எடுக்கப் போனேன், எடத்துல இல்ல. அஞ்சு மாசமா அதைத்தானுங்க தேடிட்டு இருக்கறேன்.