நான்தாண்டி ஒங்கம்மா

ஹலோ... ஆங், சொல்லு சதீசு... இரு, இரு, கேக்கல. மிஷின் சத்தம். வெளிய வர்றேன், வெச்சிடாத... ஆங். குடோன் பக்கம் வந்துட்டேன். சூப்ரவைசர் பாக்கறதுக்குள்ள சொல்லு. ஜீப் ஏறிட்டீங்களா?

...இன்னாது? வரமாட்டேங்கிறாளா? ஏனாம்?... வெண்ணிலாதானே அவ? நீ பாட்டுக்கு வேற யார் வூட்டுப் புள்ளயாண்டயோ போய் நின்னுகினு... சரி சரி, கோச்சிக்காத. வருசக்கணக்கா குடகுல காபித் தோட்டத்துல கெடந்துட்டு, மூஞ்சி பூரா தாடி வெச்சினு வந்து "ஒங்க மாமன்டி, வா"ன்னா புள்ள பயப்படாதா?... ஆமா... ஆமாடா, தாய்மாமன்தான், யார் இல்லன்னா... காது குத்தசொல்ல மடியில வெச்சவன்தான், ஆமா... அவளுக்கு ஞாபகம் இருக்குமா அது?

...வார்த்தையா? இன்னா வார்த்த கேக்கறா?

...ஐயோ. அதுவா.

அது ஒண்ணுமில்லடா. அவங்க ஸ்கூல்ல காஷிஃபா டீச்சர்னு, வாணியம்பாடிக்காரங்க. ஏழாவது புள்ளைங்களுக்கு வாரத்துல ஒரு பீரியடு இதான் சொல்லித் தர்றாங்க... இன்னான்னா... பட்டன் தெக்க, பஸ் போர்டு படிக்க, தனியா போவ, தனியா வர... பரீட்சைக்கு இல்லடா, பொழைக்கறதுக்கு. நல்லதுதான், நான் வேணான்னு சொல்லல. எக்ஸ்பைரி டேட் பாக்க கத்துக் குடுத்தாங்க, அன்னிக்கே வூட்டுக்கு வந்து என் மசாலா தூள் பூரா குப்பையில கொட்டிட்டா. அது மாதிரி இது ஒண்ணு. அம்மாவும் புள்ளையும் ரகசியமா ஒரு வார்த்த பேசி வெச்சிக்கணுமாம். யார்னா வந்து "ஒங்கம்மா கூட்டியாரச் சொன்னா"ன்னா, அந்த வார்த்தைய கேக்கணும். சொல்லலன்னா கூடப் போவக் கூடாது... ஆமா, மாமனா இருந்தாலும்தான்... ஆமாடா, உன்ன புள்ள புடிக்கறவன்னு நெனச்சிகினு கீறா. நீ போய் அந்த தாடிய எடு மொதல்ல.

வார்த்த இன்னாவா? சொல்றேன் இரு...

...

எனக்கு ஞாபகம் இல்லடா சதீசு.

...கத்தாத. கத்தினா வந்துடுமா?... நம்ப அர்ச்சுனன் ஜீப்பு எங்க? அவர் வண்டியா இருந்தா அவளே ஏறிக்குவாளே... ரிப்பேரா? நேரம் பாரு... அப்ப இது யார் வண்டி?... மலைக்கு மேல நம்பூருக்கு போறது இதான் கடைசி வண்டியா? நம்பூர் ஆளுங்க யாரும் இல்லியா உள்ள?... சரி, டிரைவர நிக்க சொல்லு. கால்ல வேணா வுழு... நான் எங்கடா வர்றது, எக்ஸ்போர்ட் ஆர்டர், ஓவர்டைம் இருந்துதான் ஆவணும்னுட்டாங்க. காலைலதான் வருவேன். அதுக்குத்தானே உன்ன போவ சொன்னேன். இருட்டற நேரத்துல ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஒத்தப் புள்ளய வுட முடியுமா?... தூக்கினு போறியா? ஐய்யே, தொடாத! தொட்டா கத்தணும்னு அதுவும் சொல்லிக் குடுத்துகீறாங்க. பஸ் ஸ்டாண்டு ஜனம் பூரா உன்ன மொத்தும்... போன அவகிட்ட குடு... வாங்கமாட்டேங்கிறாளா? அப்ப ஸ்பீக்கர்ல போடு. தள்ளி நின்னு போடு.

வெண்ணிலா? கண்ணு... ஆமா, அம்மாதான். அது மாமாதாண்டி, ஏறு. வண்டி போயிடும்... 

...இன்னாது?

"நீங்க யாரு பேசறீங்க"வா? அடியேய். என்னய "ங்க" போட்டு பேசறியா?

...இன்னா சொன்னாங்க டீச்சரு?... நம்ப அம்மா கொரலையே கம்ப்யூட்டர்ல செஞ்சிடுவாங்களா? அதே மாதிரி திட்டுமா?... அழுவக் கூட அழுவுமா? சரிதான் போ... நான் ஒண்ணும் அழுவல, அது சளி... வீடியோ கால்ல வரணுமா? எங்கிட்ட கீறது பட்டன் போனுன்னு தெரியாதா ஒனக்கு?... ஓகோ. தெரிஞ்சிகினேதான் கேக்கறியா. நல்லா கேளு.

மிஷின் சத்தம் கேக்குதா பாரு. ஷூ கம்பெனிதாண்டி இது... அதையும் பின்னாடி ஓட வுடுவாங்களா? சரி. ஒனக்கு எடது கணுக்கால்ல தழும்பு கீதே, பலாப்பழம் அரியசொல்ல அருவாமண மேல கால வெச்சல்ல... ஆமா... ஆமா, மாமனும் அப்ப இருந்தான்... அதனால செல்லாதா? சரி, செல்லாதுதான்.

இரு, வார்த்தைய சொல்றேன். சாமை... இல்லியா? மணி. நாய் பேருதானே வெச்ச?... அதுவும் இல்லியா? அப்ப சீத்தாப்பழம்... ஏண்டி, இன்னொரு தடவ தப்பா சொன்னா போன வெச்சிடுவியா? ஏடிஎம்மாடி நானு!

சதீசு, நீ சிரிக்காத. ஒனக்கு சிரிப்பு கேக்குதா இப்ப?

...கண்ணு, கேளு. நீ சொன்ன, நான் இல்லன்னு சொல்லல. அன்னிக்கு படுக்கசொல்ல என் பக்கத்துல வந்து, "கேட்டியாம்மா, இதான் நம்ப வார்த்த"ன்ன. நான் "ம்"னேன். அந்த "ம்" மட்டும்தான் ஞாபகம் கீது. அதுக்கப்புறம் தூங்கிட்டேன் சாமி. காலைலருந்து மிஷினாண்ட நின்னுகினே இருந்துட்டு, ஜீப்புலயும் நின்னுகினே வந்தா, தூக்கம் வராம இன்னா வரும்? நீ பேசறது எதுதான் முழுசா கேக்கறேன் நானு... தெரியும். எனக்கே தெரியும் அது.

...ஹாரன் அடிக்கிறானா? யோவ், கொஞ்சம் இருய்யா! பச்சப் புள்ள நிக்குது, பாக்கல?... சதீசு, அவருக்கு டீ வாங்கிக் குடு, எதுனா பண்ணு. வண்டிய மட்டும் வுட்டுடாத.

நீ நிக்கிறது சரிதான் வெண்ணிலா. யார் வந்து கூப்ட்டாலும் போவாதன்னு நானும்தான் சொன்னேன். நல்லா நிக்கிற. ஆனா நான் ஒருத்தி கீறேனே, என்னயவே நம்பலன்னா நான் இன்னாத்த பண்ணுவேன்... முடியலடி. தலை சுத்துது. இங்க அட்டப் பொட்டி கெடக்குது, செத்த உக்கார்றேன் இரு... ஸ்ஸ்... யப்பா... மூட்ட எறங்குது...

...இன்னா?

இன்னாடி, ஏன் கத்தற? இன்னா ஆச்சு? சதீசு, யார்னா புள்ளய... இல்லியா?... நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லலியே... இப்பவா? உக்காரசொல்லவா?... "மூட்ட எறங்குது"ன்னா?

அதுவா?

அதையா வெச்ச? ஏண்டி, ஒலகத்துல எவ்ளோ நல்ல வார்த்த கீது... நான் மறக்கவே மாட்டேன்னு வெச்சியா?... நெதம் சொல்றேனா? வூட்டுக்கு வந்து உக்காரசொல்ல எல்லாமா?... எனக்கே தெரியாதேடி. என் காதுல அது வுழுந்ததே இல்லியே.

...ஏறிட்டாளா? சதீசு, ஏறிட்டாளா? அப்பாடா. அவள உள்ள உக்கார வை, ஓரத்துல வேணாம், வளைவுல தூக்கிப் போடும். போன அவகிட்டயே குடு... வாங்கிட்டாளா இப்ப.

...ஆமா கண்ணு. அது இன்னான்னா, புளி மூட்டய தலையில வெச்சினு மலையில எறங்கி வருவோம்ல. தனியா எறக்க முடியாது, கழுத்து திருகிக்கும். எறக்கசொல்ல "மூட்ட எறங்குது"ன்னு கொரல் குடுக்கணும். எதிர்ல நிக்கிறவங்க ரெண்டு கையால தாங்கினு, "புடிச்சிட்டேன், வுடு"ம்பாங்க. அப்பதான் வுடணும்... ஆமா, எனக்கு எப்பவும் ஒங்கப்பாதான் நிப்பாரு. நீ சின்னதுல கேட்டிருப்ப. அவரு செத்துப் போயி, புளி மூட்டையும் வுட்டுப் போயி, வாய் மட்டும் பழகிப் போச்சு போல. திருப்பிச் சொல்றதுக்குத்தான் ஆளில்ல.

...சரி வுடு. மாமன் மூஞ்சிய பாத்து ஒரு சிரிப்பு சிரி, பாவம், அவமானப்பட்டுட்டான்... காலைல ஸ்கூலுக்கு வந்து ஒங்க டீச்சர நாலு வார்த்த கேக்கலாம்னு இருந்தேன்... கேக்கல, கேக்கல. நல்லாதான் சொல்லிக் குடுத்துகீறாங்க. நான்தான் பாடத்துல தூங்கிட்டேன்... வர்றேன் சார், தோ ஒரு நிமிசம் சார், புள்ள பேசுது... சரி கண்ணு, வைக்கட்டா? வண்டி கெளம்பிடுச்சு போல, மேல ஏறினா டவர் போயிடும்.

...இன்னும் இன்னாடி?

பாதியா? வார்த்தைக்கு இன்னொரு பாதி கீதா?... அது நீ சொல்றதா?... எப்ப சொல்ற?... நெதமுமா? நான் உக்காந்ததும் சொல்றியா... 

...நான் அதுக்குள்ள தூங்கிடறனா.

...தூங்கறவளுக்கு எதுக்குடி சொல்ற?

...

சரி. சரி. இப்ப முழிச்சினுதான் கீறேன். சொல்லு.

...

ம்.

கேட்டுச்சு சாமி. இப்ப கேட்டுச்சு... ஹலோ? வெண்ணிலா?... ஹலோ...